முழங்கை தூக்கினால் முந்தலாம்

திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். நிறுத்தத்தில் நின்றால் கம்பெனி ஆள் யாராவது வந்து பேசித் திருப்பிக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று அடுத்த நிறுத்தத்துக்கே நடந்தேன். தோளில் ஒரு பை. உள்ளே இரண்டு சட்டை, ஒரு லுங்கி, செல்போன் சார்ஜர், பாதி தீர்ந்த பவுடர் டப்பா. மொபெட் சாவியை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. இடது முழங்கால் காயம் பொருக்குக் கட்டியிருந்தது. மடக்கினால் வெடித்துவிடும் என்பதால் காலை நீட்டியபடியே நடந்தேன்.

இடத்தை விட்டுக் கிளம்புவது எனக்குப் பெரிய காரியமில்லை. ஒன்பதாம் வகுப்பின் நடுவில் கிளம்பியவன், அதற்குப் பிறகு எங்கேயும் உட்கார்ந்ததில்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளில் தேங்காய் உரித்தேன். போர்வெல் லாரியோடு மூன்று மாநிலம் சுற்றினேன். ஓட்டலில் மாவாட்டினேன். எல்லா இடத்தையும் விட்டு வந்ததற்குச் சொல்லும்படி காரணம் கிடையாது. ஒரு நாள் காலையில் எழுந்தால் போகலாம் போலிருக்கும், போய்விடுவேன். அன்றைக்குக் காரணம் இருந்தது. மூன்று நாளைக்கு முன்னால் ரோட்டில் நான் சொன்ன ஒரு பொய்யைத் திரும்ப வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

என் வேலை லோடு அடிப்பது. வெட்டிய துணியைக் கட்டிங் கம்பெனியிலிருந்து எடுத்துப் போய்த் தைக்கிற ஷெட்டில் இறக்க வேண்டும். சட்டைக் கை தனிக் கட்டு, முன்பக்கம் தனிக் கட்டு, காலர் தனிக் கட்டு. எல்லாவற்றையும் பெரிய துணியில் பொதிந்து பண்டலாக்கி மொபெட்டில் ஏற்றுவோம். ஒன்று முன்னால், கால் வைக்கிற இடத்தில் நிற்கும். அதன் தலை என் நெஞ்சு வரை வரும். இன்னொன்று பின்னால் குறுக்கே கிடக்கும். இரண்டு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டியில் கண்ணாடி கிடையாது. இருந்தால் பண்டல் இடித்துத் திருகிவிடும் என்று வந்த முதல் வாரமே எல்லோரும் கழற்றிவிடுவார்கள். பின்னால் என்ன வருகிறது என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்க்காரர்களுக்கு நாங்கள் பெரிய தொந்தரவு. குறுகலான ரோட்டில் எங்களை முந்தாமல் இருக்கவும் முடியாது, பண்டலின் அகலம் தெரியாமல் முந்தவும் முடியாது. அதற்காக இந்தப் பக்கத்து லோடு ஆட்களுக்கும் டிரைவர்களுக்கும் இடையில் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் வருகிறவர் ஹாரனை ஒரு தடவை தொட்டு எடுப்பார். 'வந்திருக்கிறேன்' என்று அர்த்தம். அதோடு காத்திருப்பார். முன்னால் ரோடு காலியாக இருந்தால் நாங்கள் வலது முழங்கையைத் தூக்கி இறக்குவோம். 'போகலாம்.' கையை எடுத்து ஆட்ட முடியாது. வலது கை ஆக்சிலேட்டரில் இருக்கிறது, எடுத்தால் முன் பண்டலின் கனத்தில் ஹேண்டில் சாய்ந்துவிடும். அதனால்தான் முழங்கை. பிடியை விடாமல் முழங்கையைத் தூக்கினால் ஆக்சிலேட்டரும் தானாகக் கொஞ்சம் தளரும். வண்டி மெதுவாகும். கார் போய்விடும். வெளியூர்க் கார்க்காரர்களுக்கு இது தெரியாது. அவர்கள் அடித்துக்கொண்டே வருவார்கள். உள்ளூர் டிரைவர் ஒரே ஒரு ஹாரன் அடித்துவிட்டு முழங்கைக்காகக் காத்திருப்பார்.

பொய் சொன்ன அன்றைக்குக் காலையில் அருள்புரத்திலிருந்து உள்ளே போகும் ரோட்டில் எனக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஷெட்டில் தைக்கப் பீஸ் இல்லாமல் மிஷின் நிற்கிறது என்று இரண்டு தடவை போன் வந்துவிட்டது. லாரியை முந்த வேண்டும் என்று வலது பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். பின்னால் ஒரு ஹாரன் கேட்டது. ஒரே ஒரு தடவை. முழங்கையைத் தூக்கினேன். யோசித்துத் தூக்கவில்லை. கேட்டதும் தூக்கிவிடுகிற கை அது. அதே நேரம் எதிரே ரோடு காலியானது தெரிந்தது. முழங்கையை இறக்கினேன், ஆக்சிலேட்டரை முறுக்கினேன், லாரியை முந்த வலது பக்கம் ஏறினேன். பின்னால் ஒருவருக்குப் போகச் சொல்லியிருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை.

காரின் கண்ணாடி என் பின் பண்டலின் முனையில் இடித்தது. மொபெட் ஒரு சுற்றுச் சுற்றி இடது பக்கம் விழுந்தது. கட்டு அவிழ்ந்து காலரும் கையுமாக ரோடு பூராவும் சிதறியது. தண்ணீர் லாரி நிற்காமல் போய்விட்டது.

கூட்டம் கூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? டீக்கடையிலிருந்து நாலு பேர், பக்கத்து நிட்டிங் கம்பெனியிலிருந்து பத்துப் பேர். வடநாட்டுக்காரர் ஒருவர் யார் பேச்சிலும் சேராமல் துணியைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் காரைச் சுற்றிக்கொண்டார்கள். ரோட்டில் ஒரு சட்டம் இருக்கிறதல்லவா? எது பெரிய வண்டியோ அதன் மேல்தான் தப்பு. நடந்தவனைச் சைக்கிள் இடித்தால் சைக்கிள்காரன், சைக்கிளை மொபெட் இடித்தால் மொபெட்காரன், மொபெட்டைக் கார் இடித்தால் கேள்வியே கிடையாது.

"கார்ல வந்தா கண்ணு பொறத்தால போயிருமாய்யா?"

"சாவியப் புடுங்குங்க மொதல்ல."

டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை. இறங்கி என்னைத் தூக்கத்தான் வந்தார். அதற்குள் யாரோ அவர் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டார்கள். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "தம்பி மொழங்கையத் தூக்குனாப்லைங்க. அதப் பாத்துத்தானுங்க வந்தேன்" என்றார்.

"மொழங்கையா? அப்ப ரோட்டப் பாத்து ஓட்ட மாட்டீரு?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். லோடு அடிப்பவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. இன்னொருவர் என் பக்கம் குனிந்தார். "ஏனுங்க, தூக்குனீங்களா?"

"இல்ல" என்றேன்.

முழங்காலிலிருந்து ரத்தம் கணுக்கால் வரை வந்திருந்தது. பயமும் இருந்தது. ஆனால் பயத்தால் மட்டும் சொல்லவில்லை. நான் போன ஊர்களில் ஒரு கூட்டமே என் பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை. அது நன்றாக இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

காரின் பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். வேறொரு பனியன் கம்பெனி முதலாளியின் மனைவி என்று பிறகு தெரிந்தது. என் காலைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க" என்றார். வேண்டாம் என்றேன். அவர் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் சாவியைத் திருப்பிக் கொடுத்தது. உடைந்த கண்ணாடி வயரில் தொங்கிக்கொண்டிருக்கக் கார் போனது.

மூன்று நாள் கழித்துக் காலையில், எங்கள் கம்பெனி எதிரே இருந்த டீக்கடைக்கு அந்த டிரைவர் வந்தார். பத்துப் பதினைந்து ஷெட்டில் விசாரித்திருக்கிறார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து டம்ளரைக் கீழே வைத்தேன்.

"குடிங்க தம்பி, குடிச்சுட்டே பேசலாம்" என்றார். "கால் எப்படி இருக்குதுங்க?"

"பரவால்லண்ணே."

"அடிச்சது போயிட்டுப் போவுதுங்க. நா அதுக்கு வருல. கார்ல இருந்த அக்கா இனிமே என் வண்டில ஏற மாட்டேங்கறாங்க. கேட்ல உக்கார வெச்சுட்டாங்க. வர்ற வண்டி நம்பர நோட்டுல எழுதிட்டு உக்காந்திருக்கேன். நாளைக்கு வேற டிரைவர் வர்றானுங்க."

"வேற எங்கயாச்சும்…"

"ஆளடிச்சு எறக்கி உட்டாங்கன்னு பேரு வந்துட்டா ஒரு நாள் ஆக்டிங் டிரைவராக்கூட ஒருத்தனும் கூப்புட மாட்டானுங்க. இருவத்தாறு வருசமா ஓட்டறேன், ஒரு கோழிய அடிச்சதில்ல." தன் டம்ளரை என் டம்ளர் பக்கத்தில் வைத்தார். "மொழங்கையத் தூக்குனது உங்களுக்கும் எனக்குந்தான் தெரியும். வேற யாரு பாத்தா? நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க. பெருமாநல்லூர்லதான் கம்பெனி."

வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நானும் அந்தப் பக்கத்தவன் என்பதால்தான் வேலை கொடுத்திருந்தார். டீக்கடையிலிருந்து நேரே போய் அவரிடம் சொன்னேன். கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார்.

"ஏல, ஒனக்கு மண்டை கழண்டு போச்சா? ஊரே அவம்மேல தப்புன்னு சொல்லியாச்சு. நீ போயி இல்ல, நாந்தான்னு சொல்லப் போறியா?"

"அவரு வேல போகுது அண்ணாச்சி."

"போனா ஒனக்கென்ன? வண்டிக்கு இன்சூரன்ஸ் எப்பம் முடிஞ்சுதுன்னு எனக்கே ஞாவகம் இல்ல. நீ வாயத் தொறந்தா அவன் நேரா இங்கல்லா வருவான். நாளைக்கு ஸ்டேசன்ல போயி நான் நிக்கவா? சோலியப் பாரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் கம்பெனியில் நான் இருக்கிற வரைக்கும் என் வாய் அவருடைய வாய். சாவியை மேஜையில் வைத்தேன். "இப்பம் நான் ஒங்க ஆள் இல்ல அண்ணாச்சி. வண்டி யாருதுன்னு சொல்ல மாட்டேன்."

"போறவன் எங்க போனாலும் போவான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு என்னைத் தெரியும். பத்தாவது மாதம் வரை நான் இருந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

இதை வைத்து என்னை நல்லவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலையை விட முடியாத ஆளாக இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

அடுத்த நிறுத்தத்தில் பஸ் ஏறித் திருப்பூர் வந்து, இன்னொரு பஸ் மாறிப் பெருமாநல்லூரில் இறங்கியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். கேட்டில் டிரைவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. உள்ளே கூட்டிப் போனார்.

அந்த அம்மா செக்கிங் டேபிளில் நின்றுகொண்டு பனியன்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். கூட்டத்தில் 'இல்ல' என்றது பொய், முழங்கையைத் தூக்கியது நிஜம், தூக்கிவிட்டு நானே வலது பக்கம் ஏறினேன், அண்ணன் மேல் தப்பில்லை. சொல்லி முடித்துவிட்டு நின்றேன். அவர் கையிலிருந்த பனியனை மடித்து வைத்தார்.

"முன்னால லோடு இருந்துச்சுங்களா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "இருந்திச்சுக்கா."

"எவ்ளோ ஒசரம்?"

நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். "உக்காந்து எப்படித் தூக்குனீங்கன்னு காட்டுங்க."

உட்கார்ந்தேன். இல்லாத ஹேண்டிலைப் பிடித்தேன். செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். முழங்கையைத் தூக்கி இறக்கினேன். "பறக்கப் போறாப்ல இருக்குது அக்கா" என்று ஒரு பெண் சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"கையத் தூக்குனா வண்டி தளரோணுமே. தளந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லக்கா. தூக்குன கையோட முறுக்கிட்டேன். லாரிய முந்துற அவசரம்."

அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்ணா, கையப் பாத்தீங்க, சரி. வண்டி தளந்துச்சான்னு பாத்தீங்களா?"

"பாக்கிலீங்க" என்றார் டிரைவர்.

"நானும் லோடு அடிச்சவதானுங்ணா. நாலு மிசின் வெச்சிருந்தப்ப, பண்டலக் கட்டிட்டு இதே மாதிரி ரோட்ல ஓட்டுனவ. கை பழக்கத்துல தூக்கும். வண்டி தளந்தாத்தான் அவன் மனசாரப் போகச் சொல்றான்னு அர்த்தம். முன்னால தண்ணி லாரி உருண்டுட்டுப் போவுது. அத முந்தோணும்னு அவனுக்கும் இருக்குமா இல்லியா? கார்ல உக்காந்திருக்கற உங்களுக்கு லாரி அத்தன ஒசரத்துல தெரியுதே."

நான் அவரைக் காப்பாற்ற வந்தேன். இப்போது இரண்டு பேரும் குற்றவாளிகளாக நின்றோம். டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வராமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன். பொய்யால் போன வேலை, இப்போது உண்மையாலும் போகப் போகிறது.

"நா பொறத்தால உக்காந்து போனப் பாத்துட்டு வர்றேன். என் உசுரு உங்க கையிலதானுங்களே" என்றார் அந்த அம்மா. கோபம் இல்லாமல் சொன்னது இன்னும் கனமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க இப்ப எங்க வேலையில இருக்கறீங்க?"

"எங்கயும் இல்லக்கா. காலைலதான் விட்டேன்."

"இதச் சொல்றதுக்கா?"

தோளிலிருந்த பையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க லோடுக்காரன் கல்யாணத்துக்குன்னு ஊருக்குப் போயி பத்து நாளாச்சு. எப்ப வருவானோ, வருவானோ மாட்டானோ. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வாங்க. பண்டலக் கட்டிட்டு நீங்க முன்னால போங்க. நா கோயமுத்தூர் போகோணும். அண்ணன் வண்டிய எடுக்கட்டும், நா முன் சீட்ல உக்காந்துக்கறேன். உங்கள எப்படி முந்தறாருன்னு பாக்கறேன். புடிச்சுதுன்னா அப்படியே நேரா போறோம். புடிக்கிலைன்னா ஷெட்டுக்குப் போற சந்து முக்குல திருப்பிட்டு வந்துருவேன். புது டிரைவர் கேட்ல நிப்பான்."

"சரிங்க" என்றார் டிரைவர்.

வெளியே வந்ததும் என்னிடம், "பழக்கத்துல தூக்கிறாதீங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனேன். அவர்கள் மொபெட்டில் நீளமான கம்பி வைத்து இரண்டு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். பண்டலைத் தாண்டி வெளியே நின்றன. ஓட்டிப் பார்த்தேன், அதிர்வில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. காதைத்தான் நம்ப வேண்டியிருந்தது. முன்னால் ஒரு பண்டல், பின்னால் இரண்டு. முழங்கால் காயம் பண்டலில் உரசி வெடித்துக்கொண்டது. பேன்ட்டுக்குள் ஈரம் தெரிந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறினேன். கார் பின்னால் வந்தது.

அரை கிலோமீட்டர் போனதும் ஹாரன் கேட்டது. ஒரு தடவை. என் கை எழுந்துவிட்டது. பாதியில் அழுத்திப் பிடித்து நிறுத்தினேன். எதிரே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு கம்பெனி வேன் வந்துகொண்டிருந்தது. பாதி எழுந்த கையை அவர் என்னவென்று எடுத்துக்கொள்வாரோ என்று முதுகெல்லாம் கூசியது. இன்ஜின் சத்தம் நெருங்குகிறதா என்று கேட்டேன். நெருங்கவில்லை. அதே தூரத்தில், அதே சத்தத்தில் வந்துகொண்டிருந்தது. காருக்குப் பின்னால் வந்தவர்கள் பொறுமை இழந்து ஹாரனை அழுத்தினார்கள். அவர் அசையவில்லை. வேன் தாண்டியது. அதன் பின்னால் பால் கேன் கட்டிய ஒரு பைக் தாண்டியது. ரோடு காலியானது.

முழங்கையை நன்றாகத் தூக்கினேன். வண்டி தளர்ந்தது. தளர்ந்த பிறகும் ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் கார் வெளியே வந்தது. பண்டலுக்கும் காருக்கும் நடுவில் இன்னொரு மொபெட் போகிற அளவு இடம் விட்டுத் தாண்டியது. அந்த அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் தலையை ஆட்டினார்.

முக்கு இருநூறு அடி தூரத்தில் இருந்தது. கார் அங்கே போய்ச் சேரும்வரை நான் வேறெதையும் பார்க்கவில்லை. பிரேக் விளக்கு ஒரு தடவை எரிந்தது. வேகத்தடை. ஏறி இறங்கி நேராகப் போய்விட்டது.

நான் முக்கில் இடது பக்கம் சந்துக்குள் திரும்பினேன். ஷெட்டில் மிஷின்கள் பீஸ் இல்லாமல் நின்றிருந்தன. வாசலில் நின்ற ஒரு பெண் என்னையும் பண்டலையும் பார்த்துவிட்டு, "புது ஆளுங்களா? கைப்பீஸ் எந்தக் கட்டுல இருக்குது? அத மொதல்ல எறக்குங்க" என்றார்.

எந்தக் கட்டு என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றையும் இறக்கினேன்.